மூன்று தேய்ப்பு, ஒரு மூச்சு

மணி ஒன்பது. ஜப்பான்காரன் மணி. அவன் வந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். பழைய கணக்கில் ஏழரை. நன்றாக இருட்டிவிட்டது.

மலாயாவில், லாபு ரயில் நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல். செம்மண் சாலை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். பால் வெட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வெட்டுக் கோடுகளில் பழைய பால் கறுத்துக் காய்ந்திருந்தது. ஒரு விளக்கு இல்லை. ஒரு நாய்கூட இல்லை...

அந்தச் சாலையில் இராஜமாணிக்கம் தனியாக நடந்து வந்தார். தோளில் சாக்கு. சாக்கில் மரவள்ளிக்கிழங்கு.

இது எனக்கு நடந்தது இல்லை. இராஜமாணிக்கம் என் நண்பன் கணேசமூர்த்தியின் பெரியப்பா. பெரியம்மா பேர் பஞ்சாலை. பெரியம்மா சாகும் முன் கணேசமூர்த்தியிடம் சொன்னார். அவன் என்னிடம் சொன்னான். நான் அம்பாங்கானில் ஒரு கல்யாண வீட்டில் சொன்னேன். மறுநாள் விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், எட்டுப் பேர். மின்சாரம் போய்விட்டது. ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம். யாரோ பேய்க் கதை கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

"எந்த எஸ்டேட்டு? பேரச் சொல்லு," என்றார் சமையல்காரர் நல்லசாமி.

"பேரு வேணாம்ண்ணே. இப்ப அங்க தாமான் வீடுங்க கட்டி வித்துட்டானுங்க. ஆளுங்க குடியிருக்காங்க."

"அப்ப நிச்சயமா வேணாம்லா."

சிரித்தோம். பிறகு யாரும் அதிகம் சிரிக்கவில்லை.

தோட்டத்தின் நடுவில் ஒரு குன்று. குன்றின் மேல் துரை பங்களா. செங்கல் தூண்களின் மேல் நின்ற மர வீடு. நான்கு பக்கமும் வராந்தா. ஆளுயரச் சன்னல்கள். நடுவில் நீளமான கூடம். கூடத்துக்குக் கறுத்த, கனத்த மரப்பலகைத் தரை. காலையில் சன்னல்களைத் திறந்தால் வெளிச்சம் தரையில் விழுந்து உத்தரத்துக்கு ஏறும். உத்தரம் தண்ணீர் போல ஆடும் என்று பெரியம்மா சொல்வாராம்.

ஜப்பான் படை வருகிறது என்றதும் வெள்ளைக்காரத் துரை நாற்பத்திரண்டு ஜனவரியில் ஓடிப்போனார். மேசையில் தேநீர் பாதிக் கோப்பை இருந்தது.

அந்தத் தரை ஆறுமுகத்தின் வேலை. பஞ்சாலையின் அண்ணன். தேன்மெழுகையும் மண்ணெண்ணெயையும் கலந்து தரையில் பூசுவார். பாதியாகப் பிளந்த தேங்காய் மட்டையை வலது பாதத்தின் கீழ் வைத்து, கைகளைப் பின்னால் கட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டுத் தேய்ப்பார். இடது கால் வெறுங்கால். ஸ்ரக்... ஸ்ரக்... ஸ்ரக். ஒரு மூச்சு நிறுத்துவார். இடது காலை ஓரடி நகர்த்துவார். மறுபடியும் மூன்று.

இராஜமாணிக்கம் அதே பங்களாவில் சமையல். மூவரும் பின்கட்டில் குடியிருந்தார்கள். துரை போன பிறகும் ஆறுமுகம் தேய்ப்பதை விடவில்லை. விட்டால் பலகை செத்துவிடும் என்பார்.

நாற்பத்து மூன்றில் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். ரயில் பாதை போட. முன்பு போனவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்ததில்லை.

ஜப்பான் அதிகாரி ஒருவன் பங்களாவைச் சுற்றிப் பார்த்தான். பெரிய அதிகாரி வந்து தங்குவார், தரை இப்படியே மின்ன வேண்டும் என்றான். அதைத் தேய்க்கிற ஆள் மட்டும் இருக்கட்டும். மற்ற ஆண்கள் ரயிலுக்கு.

பேர் எழுதக் கிராணி தங்கராஜு வந்தார், தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். புது ஆள். யாருக்கு எந்த வேலை என்று அவருக்குத் தெரியாது.

"தரை தேய்க்கிறது யாருப்பா?"

இராஜமாணிக்கம் முந்திக்கொண்டார். "நான்தாங்க."

ஆறுமுகம் பக்கத்தில் நின்றிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். பஞ்சாலைக்கு அப்போது ஏழு மாதம்.

"அப்ப நீ?" என்றார் கிராணி.

"குசினிச் சமையலுங்க," என்றார் ஆறுமுகம்.

கிராணி எழுதிக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் நல்லசாமி, "பெரியப்பா கெட்டிக்காரருதான்லா," என்றார்.

"கெட்டிக்காரத்தனம் இல்லண்ணே. பயம். நீங்களும் சமையல்காரருதானே... நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

லாரி வரும்வரை நேரம் இருந்தது. ஆறுமுகம் மாப்பிள்ளையைக் கூடத்துக்கு அழைத்துப்போய் மட்டையைக் காலடியில் வைத்துக் காட்டினார்.

"மூணு தேய்ப்பு, ஒரு மூச்சு. அவசரப்படாதீங்க மாப்ள. பலக கோவிச்சுக்கும்."

பிறகு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

இராஜமாணிக்கத்துக்கு அந்த வேலை வரவில்லை. தரை திட்டுத் திட்டாக ஆனது. மெழுகு தீர்ந்தது. மண்ணெண்ணெய் தோட்டத்திலேயே ஒரு சொட்டு கிடையாது. மழையில் ஓடு ஒழுகியது. சுவரில் பாசி ஏறியது. நிலைக்கண்ணாடியில் ரசம் போய்ப் புள்ளிகள் விழுந்தன. சன்னல் சட்டங்களைக் கரையான் அரித்தது. பலகை சாம்பல் நிறமானது. பஞ்சாலைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அதிகாரி வந்தான். குனிந்து தரையைப் பார்த்தான். இராஜமாணிக்கத்தை அறைந்தான். மாதக் கடைசியில் மறுபடியும் வருவேன், மின்னவில்லை என்றால் நீயும் ரயிலுக்கு என்றான்.

அவன் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள்தான் இராஜமாணிக்கம் அந்தச் சாலையில் நடந்து வந்தது. மெழுகு தேடிப் போனவர். கிழங்குதான் கிடைத்தது.

குன்று ஏறும் வளைவில் முதலில் வாடை வந்தது. மண்ணெண்ணெய்... மண்ணெண்ணெயும் மெழுகும். நின்றார். மேலே பங்களா இருட்டாக இருந்தது.

பிறகு சத்தம்.

ஸ்ரக்... ஸ்ரக்... ஸ்ரக்.

நின்றது.

ஸ்ரக்... ஸ்ரக்... ஸ்ரக்.

பின்கட்டு வாசலில் பஞ்சாலை குழந்தையோடு நின்றிருந்தார்.

"யாரு உள்ள?"

"எண்ணிப் பாருங்க," என்றார் பஞ்சாலை.

அவர் எண்ணினார். சாக்கைக் கீழே வைத்தார். இருவரும் உள்ளே போகவில்லை. விடியும்வரை கேட்டது.

காலையில் கதவைத் திறந்தார்கள். கூடம் முழுவதும் மின்னியது. காயாத மெழுகில் காலடிகள். ஓரடிக்கு ஒன்று. எல்லாம் இடது கால்.

அதிகாரி வந்தான். தரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். தலையசைத்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள். வீடு மெல்ல உதிர்ந்தது. வராந்தாவின் ஒரு பக்கம் இறங்கியது. காகிதப்பூக் கொடி சன்னல் வழியாக உள்ளே வந்தது. தரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பெரிய அதிகாரி தங்க வரவே இல்லை. சின்ன அதிகாரி மட்டும் மாதம் தவறாமல் வந்து பார்த்தான்.

உயிரோடு இருக்கிறவன் சயாமிலிருந்து ராத்திரி ராத்திரி எப்படி வருவான்? அண்ணன் போய்விட்டார் என்று பஞ்சாலைக்கு அன்றே தெரிந்துவிட்டது. வாய்விட்டு அழவில்லை. அழுதால் கீழே லயத்து வீடுகளில் கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டும். கூடத்து வாசலில் ஒரு குவளைத் தண்ணீர் வைப்பார். காலையில் அது அப்படியே இருக்கும்.

ஒருநாள் கணவரிடம் கேட்டார்.

"செத்தும் எங்கண்ணனுக்கு வேலைதானா? ஒரு படையல் போட்டு அனுப்பிடலாங்க."

இராஜமாணிக்கம் கூடத்துக் கதவைப் பார்த்தார்.

"போட்டா போயிடுவாரு."

"போகட்டுமே."

"போனா அடுத்த ரயில்ல நான்."

பஞ்சாலை குழந்தையைப் பார்த்தார். படையல் போடவில்லை. அன்றிரவு சத்தம் கேட்டபோது காதைப் பொத்திக்கொண்டு படுத்தார். அப்படி இரண்டு வருடம். அண்ணன் உழைப்பில் சாப்பிடுவதுபோல் இருந்தது என்று பின்னாளில் சொன்னாராம். கணவரோடு அதைப் பற்றி மறுபடியும் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

நாற்பத்தைந்து ஆகஸ்ட். ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று சேதி வந்தது. சின்ன அதிகாரி சொல்லாமல் போய்விட்டான். இனித் தரை மின்னினாலும் ஒன்றுதான், மின்னாவிட்டாலும் ஒன்றுதான்.

"இனி உன் இஷ்டம்," என்றார் இராஜமாணிக்கம்.

ஆவணி அமாவாசை. பஞ்சாலை குளித்தார். எப்போதோ ஒளித்து வைத்த ஒரு பிடி அரிசியை வடித்தார். முருங்கைக்கீரை வேக வைத்தார். பொழுது சாயும் நேரத்தில் கூடத்தின் நடுவில் இலை போட்டார். தேங்காயெண்ணெய் விளக்கு. சுடரும் இலையும் அவர் முகமும் தரைக்குள் தலைகீழாகத் தெரிந்தன.

"அண்ணே... போதும்ண்ணே. இனிமே யாரும் வந்து பாக்க மாட்டாங்க. நான் சொல்ல வேண்டியத அன்னிக்கே கிராணிகிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல. வயிறார சாப்ட்டுட்டுப் போண்ணே. திரும்பி வராத."

விழுந்து கும்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அன்றிரவும் சத்தம் வந்தது. ஸ்ரக்... ஸ்ரக்...

மூன்றாவது வரவில்லை.

இருவரும் காத்திருந்தார்கள். பல்லிகூடக் கத்தவில்லை. பஞ்சாலை அன்றுதான் வாய்விட்டு அழுதார். நல்லபடியாக அனுப்பிவிட்டோம் என்ற அழுகை.

ஒரே வாரத்தில் தரையில் தூசி படிந்தது. ஒரு மாதத்தில் பலகை சாம்பலானது. லயத்து ஆட்கள் சன்னல்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். யாரும் தடுக்கவில்லை.

கார்த்திகையில் சயாமிலிருந்து ரயில் வந்தது. தோட்டத்திலிருந்து போன எழுபது பேரில் ஆறு பேர். அதில் ராமசாமி ஒருவர். ஆறுமுகத்தோடு ஒரே லாரியில் ஏறியவர். எலும்பும் தோலுமாகக் குன்றேறி வந்தார்.

"அண்ணன் சேதி சொல்லணும்க்கா."

"தெரியும்ப்பா," என்றார் பஞ்சாலை. "முத வருஷமே போயிட்டாரு."

"யாரு சொன்னா? ஆறுமுகண்ணன் கல்லு மாதிரி இருந்தாருக்கா. காலரா வந்து கொட்டாயே காலியாச்சு. அவரு எழுந்திரிச்சுட்டாரு. ராத்திரியில மட்டும் அவரு பக்கத்துல படுக்க முடியாது. தூக்கத்துல வலது காலால மூங்கில் பரண தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு. ஏசுவோம். காலையில சிரிப்பாரு. தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்டா, வேல கெடக்குன்னு. அந்த வேலதான் அவர உயிரோட வச்சிருந்துச்சு."

இராஜமாணிக்கம் எழுந்து வெளியே போனார்.

"அப்ப எப்ப..." என்றார் பஞ்சாலை.

"சண்ட முடிஞ்சு, ஊருக்கு ரயில் வரும்னு காத்துக் கெடந்தோம். ஆவணி அமாவாச. நோவு ஒண்ணும் இல்ல. சாயங்காலம் கஞ்சி எடுத்துட்டுப் போனேன். வேணாம், வயிறு நெறஞ்சிருச்சு, தங்கச்சி எல போட்டுச்சுன்னாரு. அரிசிச் சோறாம், முருங்கக்கீரையாம். பேத்துறாருன்னு நெனச்சேன். ராத்திரி பரண தேய்க்க ஆரம்பிச்சாரு... பாதியில நின்னு போச்சு."

பஞ்சாலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ராமசாமி அவரைத் தேற்ற நினைத்தார்.

"சிரிச்ச முகமாத்தான் போனாருக்கா. கீரையில உப்பே இல்லடா, இருந்தாலும் தங்கச்சி கையாச்சேன்னு சொல்லிச் சிரிச்சாரு."

அந்த ஆவணி மாதம் முழுவதும், தோட்டத்தில் யார் வீட்டிலும் உப்பு இல்லை.