முப்பதடிக் கம்பம்

சேலைக்கடையில் வளர்ந்தவனுக்கு ரேடியோ ஏரியல் விற்பது ஒன்றும் கஷ்டமில்லை. கொழும்பு புறக்கோட்டைக் கடையில் அப்பா யாரிடமும் "எடுங்கோ" என்று சொன்னதில்லை. "அது உங்களுக்கு வேண்டாம் பிள்ளை, விலை கூட" என்பார். அந்தச் சேலைதான் முதலில் போகும்.

மெல்பேர்னில், கிளேட்டனில் நான் போட்ட கடையும் அப்படித்தான் ஓடியது. எழுபத்தேழில் சீ.பி. ரேடியோவுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்ததும், முகம் தெரியாதவர்களோடு கதைக்கும் பைத்தியம் எல்லோரையும் பிடித்தது. வீடுவீடாக ஏரியல் நட்டேன்.

அடுத்த வருடம் ஜெயரட்ணம் வந்தார். அவருக்கு என்னை நினைவில்லை. எனக்கு அவரை நினைவிருந்தது. என் தங்கச்சி யோகாவுக்கு இங்கே மாப்பிள்ளை பேசி, நாளும் குறித்திருந்தோம். ஏதோ ஒரு விருந்தில் இவர் மாப்பிள்ளையிடம், "அந்தக் குடும்பத்தில விசர் இருக்காம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். இரண்டு வாய் விஸ்கிக்கு நடுவில் சொன்ன பேச்சு. பைத்தியக்காரக் குடும்பம் என்று கலியாணம் நின்றது. பிறகு ஒருவரும் கேட்டு வரவில்லை. யோகா இப்போது சிட்னியில் நர்ஸ், தனியாக இருக்கிறாள்.

அவர் வீட்டில் இடம் பார்த்தேன். பின்வளவுக்கு மேலால் மின்கம்பி போனது. இருபதடி ஏரியல் கம்பம் அதற்கு எட்டாது; முப்பதடி எட்டும்.

"இருபது காணும் அண்ணை," என்றேன். "முப்பது உங்களுக்கு வேண்டாம். அது தூரத்து ஆக்களோட கதைக்கிற பெரிய மனிசருக்கு."

"என்னை என்ன சில்லறை எண்டு நினைச்சீரோ? முப்பதைக் கொண்டாரும்."

"அப்ப நிமிர்த்த நான் வாறன். தனிய வேண்டாம். பாரம் தூக்கிற வயசே உங்களுக்கு?"

"உம்மட வயசில ஆனையைத் தூக்கினனான். வைச்சிட்டுப் போம்."

அலுமினியக் கம்பத்தை வைத்துவிட்டுப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அதை நிமிர்த்தினார். மனைவி நாகேஸ்வரி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தா. உச்சி கம்பியில் பட்டது.

மரண விசாரணையில் நான் பொய் சொல்லவில்லை. முப்பது வேண்டாம் என்றேன், தனியாக வேண்டாம் என்றேன். "ஓம், அந்தத் தம்பி மறிச்சவர்" என்று நாகேஸ்வரியே சாட்சி சொன்னா. மின்கம்பியைப் பற்றிச் சொன்னாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் இருபதையே வாங்கியிருப்பார். உயிருக்குப் பயந்த மனிதர். அதனால்தான் சொல்லவில்லை.

அன்றே யோகாவை டெலிபோனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன், உனக்காகத்தான் என்று.

"அவருக்குப் பிள்ளையள் இருக்கோ அண்ணா?"

"ரெண்டு."

வைத்துவிட்டாள். இப்போதும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். நர்ஸ் வேலையல்லவா, நேரம் கிடைப்பதில்லை.