நாற்பத்தேழாம் எண்ணின் கழுத்து

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும், ஐயா. தீவில் சுகாதார உதவியாளன் வேலைக்கு ஆள் தேடியபோது என்னைப் பிடித்துப் போட்டதற்கு அது ஒன்றுதான் காரணம். அமெரிக்காக்காரன் பக்கத்துத் தீவில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது வெள்ளைத் தூள் எங்கள் மேல் கொட்டிய அன்று இங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வைத்தியக் கப்பல் வரும். எண்ணைக் கூப்பிட்டு, ஆளைப் படகில் ஏற்றி, டாக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். அவர்கள் ரத்தம் எடுப்பார்கள், கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள். இத்தனை வருஷத்தில் ஓர் எண்ணைக்கூட நான் தவறவிட்டதில்லை.

நாற்பத்தேழு, கிமிகோ. என் அக்கா மகள். ஆறு வயதில், கப்பல் வர நாலு நாள் இருக்கும்போது, காய்ச்சலில் போய்விட்டாள். அக்கா என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"தம்பி, பிள்ள செத்தது அவங்களுக்குத் தெரிய வேணாம்டா. தோண்டி எடுத்து அறுத்துப் பாப்பாங்க. எம்பிள்ள முழுசா போகட்டும்டா."

நான் என்ன கல்நெஞ்சக்காரனா? அக்கா வீட்டில் லிஜோன் என்றொரு பெண்ணும் வளர்ந்தாள். காலமான என் மனைவியின் தம்பி லாஜ்கனின் மகள். தாயில்லாப் பிள்ளை. கொப்பரைப் படகில் வேலைக்குப் போகுமுன் அவன் கொண்டுவந்து விட்டது. எங்கள் பக்கம் பிள்ளைகள் வீடு மாறி வளர்வதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தூள் கொட்டிய அன்று அவள் வேறு தீவில் இருந்தாள். அதே வயது, அதே உயரம். நாற்பத்தேழு என்று எழுதிய பலகையை அவள் கழுத்தில் மாட்டினேன். டாக்டருக்கு எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே முகம்.

ஒரு வருஷத்துக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் டாக்டருக்கு நாற்பத்தேழின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் குறுகி நிற்க, இவள் மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்தாள். ரத்தத்தில் ஒரு குறை இல்லை. எப்படி என்று அவருக்கு ஆச்சரியம். ஆச்சரியப்பட்டால் அவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு வருஷமும் இடுப்பெலும்பில், இரண்டு பக்கமும், தடித்த ஊசியைத் திருகித் திருகி மஜ்ஜை எடுத்தார்கள். மாமா, மாமா என்று அலறுவாள். கையையும் காலையும் நான்தான் அமுக்கிக்கொள்வேன். தெரிந்த கை பிடித்தால் பிள்ளைக்கு ஆறுதல். என்னைப்போல் ஆள் வேறெந்தத் தீவிலும் இல்லை என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவளுக்குப் பத்து வயதானபோது லாஜ்கன் ஊருக்கு வந்தான். கப்பல் வந்து நின்றிருந்தது. மகளின் இடுப்புத் தழும்புகளைப் பார்த்திருக்கிறான். நான் கரையோரம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"மச்சான், எம்மவ அன்னைக்கு இங்க இல்லவே இல்லியே. எதுக்கு அவ எலும்புல ஓட்ட போடறாங்க?"

"சத்தம் போடாத. உக்காரு."

"உக்கார வரல. செத்த பிள்ளைக்கு எம்பிள்ளைய ஈடு குடுத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? டாக்டர் விரலச் சொடுக்குனா வால ஆட்டிக்கிட்டு ஓடற. இப்பவே கப்பலுக்குப் போயி எல்லாத்தயும் போட்டு உடைக்கறேன், இரு."

அவன் கோபம் நியாயந்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓர் எண் பொய் என்றால் எல்லா எண்ணிலும் சந்தேகம் வரும். பட்டியல் கெட்டால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் மாத்திரை வராது. கழுத்தில் அறுவை செய்துகொண்ட பதினெட்டுப் பேர் அந்த மாத்திரையில்தான் உயிரோடு நடமாடினார்கள்.

அவன் படகைப் பார்த்துத் திரும்பினான். தேங்காய் உரிக்கும் கூர்க்கம்பை மண்ணிலிருந்து பிடுங்கினேன். முதல் குத்து விலாவில் வழுக்கிவிட்டது. இரண்டாவது முதுகில் நன்றாக இறங்கியது. மகள் கையை விட்டுவிட்டு மணலில் கொஞ்ச தூரம் தவழ்ந்தான். மூன்றாவது கழுத்தில். அப்படியும் மூச்சு நிற்கவில்லை. பவளக்கல் ஒன்றை எடுத்துத் தலையில் அடித்தேன். நினைத்ததைவிட அதிகம் அடிக்க வேண்டியிருந்தது. லிஜோன் கத்தினாள். வாயைப் பொத்தினால் என் கையில் சதையைக் கடித்து எடுத்துவிட்டாள். அதற்காக நான் அவளைத் திட்டவில்லை, அடிக்கவுமில்லை. புதருக்கு அடியில் குழி தோண்டினேன். கொப்பரைப் படகிலேயே திரும்பிவிட்டான் என்று ஊருக்குச் சொன்னேன். அவன் எப்போதும் போகிறவன்தானே, நம்பிவிட்டார்கள். பயந்த பிள்ளையை அன்று ராத்திரி யாரிடமும் விடாமல் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். போன மாதம் கடல் கரையை அரித்து எலும்பை வெளியே போட்டிருக்காவிட்டால், போலீஸ்காரர் நீங்கள் தலைநகர் மஜூரோவிலிருந்து இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை.

மறுநாள் கப்பலில் டாக்டர் அவள் கழுத்தைத் தடவினார். அந்த வருஷமும் தூள்பட்ட பிள்ளைகளுக்கு வரிசையாகக் கழுத்தில் கட்டி. அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் அறுத்தார்கள். லிஜோன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாவ மாமா குத்திட்டாரு. எங்கப்பாவக் குத்திட்டாரு."

அவருக்கு எங்கள் பேச்சு தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்றேன். இவளுக்குக் கட்டி இல்லையே, இரண்டு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா என்றார். பொறுக்க வேண்டாம், இவளையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிக் காப்பாளர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அறுத்த கழுத்தில் நோய் ஒன்றுமில்லையாம். கத்தி ஏதோ நரம்பில் பட்டுக் குரல் போய்விட்டது. திரும்பி வந்தபின் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டேன். பாவம், பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஒருமுறை அக்காவிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அந்த மாதம் மாத்திரைத் தட்டுப்பாடு. மூன்று வாரம் அவளுக்கு மட்டும் கொடுக்க முடியாமல் போயிற்று. முகமெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரிடமும் கையை ஆட்டவில்லை. ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் வந்து என் முன்னால் வாயைத் திறப்பாள். நானே நாக்கில் வைத்துவிடுவேன்.

லாஜ்கனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என்மேல் அவளுக்கு ஒரு குறை இருந்திருந்தால், இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா?