நானாக எடுக்கவிருந்த முடிவு

கொரியாவிலேயே ஒழுங்கான விமானி அறை என்னுடையதுதான். இருபத்தாறு வருடங்களில் அங்கே ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிட்டது கிடையாது. குறுக்கிட, இன்னொருவர் வாயைத் திறக்க வேண்டுமே. காபி வேண்டும் என்பதைக்கூட நான் கேட்ட பிறகுதான் சொல்வார்கள்.

போன வசந்தத்தில் கம்பெனி எங்களை இரண்டு நாள் வகுப்பில் உட்கார வைத்தது. துணை விமானி தயங்காமல் எச்சரிக்க வேண்டும், கேப்டன் காதுகொடுக்க வேண்டும் என்பது பாடம். சாப்பாட்டு வேளையில் நான், "அடுத்து, 'கேப்டன், மூச்சு விடுங்க'ன்னும் சொல்லித் தருவாங்க போல" என்றேன். மேசையே சிரித்தது. முதலில் சிரித்தவன் என் துணை விமானி மா இன்சொப். வாயிலிருந்த சூப்பை அவசரமாக விழுங்கிவிட்டுச் சிரித்தான். நல்ல பையன்.

அதே வாரம் பயிற்சிக்கான சிமுலேட்டரில், நான் தாழப் பறக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னான். தாழத்தான் பறந்தேன். மதிப்பீட்டுத் தாளில் 'பெரியவர்களிடம் பேசத் தெரியவில்லை' என்று எழுதினேன். அவனுடைய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. குனிந்து மன்னிப்புக் கேட்டான். அதன்பிறகு பேசக் கற்றுக்கொண்டான்.

நவம்பரில், ஜெஜு தீவிலிருந்து ஆரஞ்சுப் பெட்டிகளோடு யோசுவுக்கு வந்தோம். சரக்கு விமானம், நாங்கள் இருவர்தான். மேகத்துக்குள் இறங்கும்போது இன்சொப் சொன்னான்:

"கேப்டன், இன்னிக்கு மழை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குங்களே."

எனக்கு அது புரியவில்லையா என்று விசாரணை அதிகாரி யொம் அம்மையார் கேட்கிறார். புரிந்தது. பெரியவரிடம் அப்படித்தான் சொல்வார்கள். ஓடுபாதை தெரியவில்லை, மேலே ஏறிவிடலாம் என்று அர்த்தம். அவன் சொன்னது சரி என்றும் தெரியும். ஆனால் உடனே ஏறினால் அவன் சொல்லி ஏறியதாகிவிடும். பத்து விநாடி போகட்டும், நானாக முடிவெடுத்ததுபோல ஏறிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எட்டாவது விநாடியில் குன்று வந்தது. அவன் உட்கார்ந்திருந்த பக்கம் மோதியது. அந்தச் சனிக்கிழமை அவன் மகளுக்கு முதல் பிறந்தநாள் விருந்து. என்னையும் அழைத்திருந்தான்.

யொம் அம்மையார் விமானி அறையின் ஒலிப்பதிவைப் போடுகிறார். மழையைப் பற்றி அவன் சொன்னது வருகிறது. அப்புறம் யாரும் பேசவில்லை. முன்கண்ணாடியில் வைப்பர் ஓடும் சத்தம் மட்டும். நான் மனதுக்குள் எண்ணுகிறேன். ஐந்தாவது விநாடியில் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து, மெதுவாக, "கேப்டன், மேல ஏறுங்க" என்கிறேன்.