இடப்பக்கம், மூன்றாம் படி

வயது நாற்பத்தொன்று. ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள தகரக் கூரை வீடுகளில், இரண்டாம் வரிசைக் கடைசி வீட்டில் மனைவி, ஏழு வயது மகளுடன் குடியிருந்து வருகிறேன். பதிவேட்டில் உள்ள என் பெயரை எழுத்தர் தலைப்பில் எழுதிக்கொண்டார். ஆனால் குவாரிப் பக்கம் விசாரித்தால் துளைக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். பதினோரு வருடம் அங்கே பாறையில் துளை போட்டேன். குவாரியை மூடிய பிறகு அந்தப் பள்ளம் ஏரியாகிவிட்டது. இப்போது அதே ஏரியில், நகரத்துக்குப் போகும் தண்ணீர் லாரிகளை நிரப்பும் மோட்டாரை ஓட்டி வருகிறேன். இறந்துபோனவர் என் மனைவியின் அண்ணன். அவர் குளிக்க இறங்கி வழுக்கி விழுந்தார் என்று முதல் நாள் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். அதை மாற்றிச் சொல்ல, யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன்.

குவாரியை மேலிருந்து கீழே படிபடியாகத்தான் வெட்டுவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு லாரி ஓடும் அகலம் இருக்கும். இப்போது மூன்றாம் படிக்கு மேல் நெஞ்சளவுத் தண்ணீர் நிற்கிறது. மோட்டார்க் குழாயின் நுனிச் சல்லடையில் குப்பை அடைத்தால், முக்குளிப்பவரை வரவழைக்க வேண்டும் என்பது விதி. அவர் வர இரண்டு நாள் ஆகும். லாரிக்காரர்கள் இரண்டு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டார்கள். ஆகவே தண்ணீருக்குள் இருக்கும் அந்தப் படியில் நானே காலால் தடவி நடந்துபோய்க் குப்பையை எடுத்துவிடுவேன். யாரும் மோட்டாரைப் போட்டுவிடாமல், என்னோடு அங்கே வேலை பார்த்த மச்சான் சுவிட்சருகே நிற்பார். வலப்பக்கத்தில் இப்படிப் பலமுறை செய்திருக்கிறோம். போன வாரம் தண்ணீர் இறங்கியதால் மோட்டார் மிதவையை இடப்பக்கம் மாற்றினோம்.

சம்பவத்தன்று காலை பதினொரு மணிக்குச் சல்லடை அடைத்துக்கொண்டது. அப்போது என் காலில் ஐந்து தையல் இருந்தது. மச்சான் என்னைச் சுவிட்சருகே உட்கார வைத்துவிட்டு, "நீ கால நனைச்சா என் தங்கச்சி என்னைத்தான் உரிச்சு எடுப்பா. சும்மா உக்காரு மாப்ள" என்று சொல்லித் தானே இறங்கினார். அவர் அந்தக் காலத்தில் மேலே கல் உடைக்கும் மிஷினில் இருந்தவர். பள்ளத்துக்குள் வேலை செய்ததில்லை. முப்பது அடி நேராக நடந்தால் குழாய் வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். தண்ணீரில் கால் தரிப்பதற்காக எட்டுக் கிலோ இரும்புக் கம்பியை அவர் இடுப்பில் கட்டிவிட்டதும் நான்தான். கயிறு கட்டவில்லையா என்று ஆய்வாளர் கேட்கிறார். கட்டவில்லை. சொந்த வீட்டு மாடிப்படியில் யாரும் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவதில்லை.

அதன் பிறகு அவர் ஒவ்வோர் அடியையும் உரக்க எண்ணிக்கொண்டு நடந்தார். பதினான்கு சொன்னதும் நின்றார். திரும்பிப் பார்த்து, "படி இருக்குல்ல மாப்ள?" என்று கேட்டார்.

"நான் துளை போட்ட படி மச்சான். தைரியமா போங்க" என்றேன்.

பதினைந்து என்று சொல்லவில்லை. சத்தமும் போடவில்லை. அதன் பிறகு நான் குதித்தேன். காது வலிக்கும் ஆழம்வரை போயும் கைக்கு அவர் அகப்படவில்லை, சுவர்தான் அகப்பட்டது. அந்தச் சுவரில் மேலிருந்து கீழாகப் பாதிக் குழாயைப் பதித்து எடுத்தது மாதிரி பள்ளங்கள், மூன்று முழத்துக்கு ஒன்றாக இருந்தன. வெடி வைத்து உடைத்த பாறையில் துளையின் பாதி அப்படித்தான் மிஞ்சும். மூன்று முழம் என்பது என் கணக்கு. அவை என் துளைகள்.

குவாரி மூடுவதற்கு முந்தைய வாரம் அந்தப் படியில் நாற்பது துளை போட்டது நான். வெடிக்கு முந்தின நாள் என் மனைவிக்குப் பிரசவ வலி வந்ததால் விடுப்பில் போய்விட்டேன். மகள் பிறந்து நான்காம் நாள் திரும்பியபோது ஊற்று உடைத்துக்கொண்டு பள்ளம் நிரம்பியிருந்தது. வெடித்தார்களா என்று நான் யாரையும் கேட்கவில்லை. துளை போட்டவனுக்கே தெரியாமல் போயிற்று என்றால் யார் நம்புவார்கள்? வெடித்ததில் படி பாதியிலேயே போய்விட்டிருக்கிறது. ஆனால் என் மனதில் அது ஏழு வருடமாக அப்படியே இருந்தது.

மச்சானைத் தீயணைப்புப் படையினர் மூன்று நாள் தேடினார்கள். அடியில் பழைய இயந்திரங்கள் கிடப்பதாகவும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும் சொல்லி நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் லாரிகள் வந்தன. நான்தான் மோட்டாரைப் போட்டேன்.

குளிக்கப் போனார் என்று சொல்லச் சொன்னவர் மேலாளர். நீயும் உள்ளே போனால் இரண்டு குடும்பத்தையும் யார் பார்ப்பது என்றார். எனக்கும் பயம், சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இப்படித் திரும்பும் என்று நினைக்கவில்லை. மச்சான் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவது வழக்கம். அன்று காலை வீட்டுச் சாவியைத் தொலைத்ததற்காக அவரை அக்கா திட்டியிருக்கிறார். எங்கேயாவது போய்த் தொலையுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ஏரியில் ஒருநாளும் குளிக்காத மனிதர் இடுப்பில் இரும்பைக் கட்டிக்கொண்டு இறங்கினார் என்று, தூரத்திலிருந்து பார்த்த லாரிக்காரர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டதிலிருந்து, வேண்டுமென்றேதான் செத்தார், என் வாய்தான் கொன்றது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சாப்பிடுவதில்லை.

நேற்று மதியம் அவர் வீட்டுக்குப் போய், மேலே சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். செருப்பால் அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு என் தலையைத் தடவி, "என் மனசு ஆறணும்னு பழிய உன் தலையில போட்டுக்கிற. நீ நல்லா இருப்ப தம்பி" என்றார்.

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. மூழ்கிக் கிடக்கும் சுவரை அவருக்குக் காட்டவும் வழியில்லை. எழுத்தில் வந்தாலாவது நம்புவாரோ என்றுதான் இங்கே வந்தேன். ஆய்வாளர் எழுத்தரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த அம்மா இன்று காலையிலேயே வந்துவிட்டுப் போனார் என்றார். தம்பி வந்து பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொள்வான், அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அவன் சொல்வதை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

இருந்தாலும் எழுதச் சொன்னேன். எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், இதில் உள்ளது அத்தனையும் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)