எங்கட மனுசன்ர ஒருசந்தி

கொட்டாஞ்சேனையில் பூசை முடிந்து பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். பஸ் நகரத் தொடங்கியதும் மூத்தவர் சொன்னார்:

“தவக்காலத்துக்கு எங்கட மனுசன் ஒருசந்தி இருக்கிறார் தங்கச்சி, நாளுக்கு ஒருநேரச் சாப்பாடுதான். அவர்ர பாவம் முழுக்க வீட்டில நாங்கதான் கழுவுறம்.”

“ஏனக்கா, பசியில கோவப்படுறாரோ?”

“டீவி போடக்கூடாது. மீன் பொரிக்கக்கூடாது, மணம் போய் அவரைச் சோதிக்குமாம். சவரமும் இல்லை. ஆராவது ‘என்ன, சுகமில்லையோ?’ எண்டு கேட்டாத்தானே ‘ஒருசந்தி’ எண்டு பெருமூச்சு விடலாம்.”

“பசிக்கும்தானே, பாவம்.”

“பொழுதுபட்டா இடியப்பம், சொதி, சம்பல், அவிச்ச முட்டை எல்லாம் மேசைக்கு வரவேணும். ஆண்டவர் நாப்பது நாள் வனாந்தரத்தில இருந்தார். இவ்வளவு சத்தம் போடேல்ல.”

மருதானையில் இறால் வடைக்காரர் ஏறினார். இளையவர் இரண்டு வாங்கி ஒன்றை அக்காவிடம் நீட்டினார்.

“வேண்டாம், நீ சாப்பிடு.”

“ஏன், நீங்களும் ஒருசந்தியோ?”

அக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஓம். தவக்காலம் துவங்கின திருநீற்றுப் புதன்ல இருந்து. மத்தியானம் மட்டும்தான் சாப்பாடு.”

“அண்ணா ஒண்டும் கேக்கேல்லையோ?”

“பொழுதுபட அவருக்குப் பரிமாறிப்போட்டு, நான் வெறும் பிளேன்டீயோட முன்னால இருக்கிறனான். எனக்குப் பிளேட் இல்லை எண்டு அந்த மனுசன் இன்னும் காணேல்ல.”

“அய்யோ, அக்கா.”

“நீ சொல்லிப்போடாத. தெரிஞ்சா, ‘நாங்க ரெண்டு பேரும் ஒருசந்தி இருக்கிறம்’ எண்டு பாதரிட்டயும் போய்ச் சொல்லுவார்.”