ஜோடிப் பயிற்சி

— உங்க மாமியார் தண்ணி பிடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கறேம்மா. இன்னிக்கு ஜோடிப் பயிற்சியில அவங்க புத்தகத்தைப் பார்த்து, 'உன் வீட்டுக்காரர் என்ன செய்றார்'னு கேட்டாங்க. 'வெளிநாட்டுல வேற ஒருத்தியோட குடித்தனம் பண்றார், என்னை வர வேண்டாம்னுட்டார்'னு புதுப் பாஷையில தடுமாறாம சொன்னீங்க. கடைசியா அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே, 'அத்தைக்கு இது தெரியாது'ன்னீங்க. எல்லாரும் கைதட்டினாங்க, நானும் முழு மார்க் போட்டுட்டேன். அது சும்மா பயிற்சிக்குத்தானே?

— இல்ல டீச்சர். நிஜம்தான்.

— கடவுளே! எப்பத்திலேர்ந்து தெரியும்?

— மழைக்கு முன்னாடியே. ஃபோன்ல அவரே சொன்னார்.

— நீங்க அழுது நான் பார்த்ததே இல்லையே.

— அழுகை வரல டீச்சர். பல்லு பிடுங்க ஊசி போடுவாங்கல்ல, அப்படி மரத்துக் கெடக்கு. தமிழ்ல சொல்ல வாயே வரல. நீங்க சொல்லிக் குடுத்த பாஷையில சொன்னப்ப, யார் வீட்டுக் கதையோ மாதிரி இருந்துச்சு.

— அப்ப ஏம்மா இன்னும் வகுப்புக்கு வர்றீங்க? வேலை முடிஞ்சு, ரெண்டு பஸ் மாறி?

— நான் நின்னா அத்தை ஏன்னு கேப்பாங்க. மகன்கிட்ட போய் இருக்கணும்னுதானே இந்த வயசுல வந்து பெஞ்சில உக்கார்றாங்க. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவாங்க.

— இன்னிக்கு நேராவே சொல்லிட்டீங்களே!

— அவங்களுக்கு எங்க புரியப் போகுது? பேர் என்னன்னு கேட்டா 'நல்லா இருக்கேன்'பாங்க.

— அதுவும் சரிதான். வகுப்பே சிரிக்கும். சரி சரி, வர்றாங்க.

— என்ன கண்ணு, டீச்சரம்மாவை வீட்டுக்கு விடாம பிடிச்சு வச்சிருக்கே? சாமி புண்ணியத்துல இன்னிக்குக் குழாய்ல தண்ணி வந்துச்சு. இந்தா, முதல்ல குடி. டீச்சரம்மா, எனக்கு எவ்வளவு மார்க்கு?

— பத்துக்கு ரெண்டும்மா.

— பாரேன், ஒண்ணு கூடிடுச்சே! இப்படியே போனா பாஸ் ஆயிடுவேன் போலிருக்கு. ஜாக்கிரதையா இருக்கணும்.

— பாஸானா நல்லதுதானேம்மா?

— பாஸாயிட்டா அப்புறம் எந்தச் சாக்குல இவளை வெளிய கூட்டிட்டு வர்றது? வீட்ல சுவரைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பா. இங்க வந்தாத்தான் நாலு வார்த்தை பேசறா. வர்றோம் டீச்சரம்மா.

— படி பார்த்து இறங்குங்க. ரெண்டு பேரும்.

— கையைப் பிடிச்சுக்க கண்ணு, பல்ப் எரியல. மத்தியானம் சாப்பிட்டியா?

— சாப்பிட்டேன் அத்தை.

— டப்பா கனக்குதே. சரி, பையை நானே தூக்கிக்கறேன். ஆமா, அப்படிக் கைதட்டினாங்களே, என்ன சொன்னே?

— நம்ம வீட்டைப் பத்தி. ரெண்டு ரூம், ஒரு ஜன்னல், கம்பியில துணி காயுதுன்னு.

— இதுக்கா கைதட்டினாங்க? பாரேன்.

— ம்.

— பஸ்ஸைக் காணோம். இப்படி உக்காரு. ஏன் கண்ணு, 'அவன் ஃபோன் பண்ணானா'ன்னு நான் இப்பல்லாம் கேக்கறதே இல்லையே, கவனிச்சியா?

— மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.

— பெத்தவ மறப்பாளா? தலையை என் தோள்ல சாய்ச்சுக்க. ம், அப்படித்தான். இன்னிக்கு நீ வகுப்புல சொன்னதெல்லாம் சரிதான் கண்ணு. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தப்பு.