கருணாகரனின் டோக்கன்

என் பெயர் இன்னாசி, தகப்பனார் பெயர் கஸ்பார், வயது ஐம்பத்து நாலு, ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் குடியிருக்கிறேன். திருவொற்றியூரில் கப்பலில் பளு தூக்கும் வின்ச் செய்யும் கம்பெனியில் ரிக்கார்டு ரூம் அட்டெண்டர். எட்டாவது வரை படித்தவன், இங்கிலீஷும் பார்த்தால் புரியும். 1974 நவம்பர் மாதம் நடந்த இந்தச் சமாச்சாரத்தை நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். டோக்கன் பெட்டி வந்து இறங்கிய அன்றே கேண்டீனில் எல்லார் எதிரிலும், "இது போலீஸ்ல போய்த்தான் நிக்கும்" என்று சொன்னேன். யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பு எந்தக் காகிதம் எங்கே என்பது என் தலைக்குள் இருந்தது. மானேஜரே என்னைக் கேட்காமல் அந்த ரூமில் லைட் போட மாட்டார். வெள்ளைக்கார துரை காலத்தில் ஜன்னல் வழியாக வந்த பாம்பை, பஸ் நீளம் இருக்கும், ஃபைல் கட்டும் நாடாவாலேயே கட்டிப் பிடித்தவன் நான். மழைக்காலத்தில் நனைந்த ஃபைல்களை பாய்லர் ரூம் பலகையில் காயப்போட்டு அந்தக் கம்பெனியையே காப்பாற்றியவனும் நான்தான்.

அதன் பிறகு மவுண்ட் ரோடு ஆபீஸிலிருந்து கிருஷ்ணப்பன் என்ற அதிகாரி வந்து புது முறை கொண்டுவந்தார். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நம்பர், ஒரு இடம், அந்த இடத்துக்கு மேல் ஒரு ஆணி. ஆபீசர்களுக்கும் கிளார்க்குகளுக்கும் பேர் வெட்டிய பித்தளை டோக்கன் கொடுத்தார். ஃபைலை எடுக்கிறவர் தன் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். எனக்கு டோக்கன் எங்கே என்று கேட்டதற்கு, "நீங்க எடுத்துக் குடுக்கிறவர், எடுக்கிறவர் இல்லை" என்றார். ஃபைலை ரூமை விட்டு வெளியே கொண்டுபோய்க் காயப்போடுவதும் கூடாது என்றார். "ஒண்ணு ஃபைல் இருக்கணும், இல்லேன்னா டோக்கன் இருக்கணும். ரெண்டும் இல்லாம ஒரு இடத்தைப் பார்த்தேன்னா அன்னிக்கே உங்களுக்குக் கணக்கு முடிச்சிடுவேன்" என்றும் சொன்னார்.

அதன் பிறகு அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஒவ்வொரு இடத்திலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். எனக்குப் பயம் என்பதே கிடையாது. டார்ச் வெளிச்சம் வரும்போது நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றது ஒட்டடை அடிக்க.

கருணாகரன் என்பவர் கணக்குப் பிரிவு கிளார்க், திருவொற்றியூர்க்காரர், யூனியனிலும் இருப்பவர், தடிமனான கண்ணாடி போட்டிருப்பார். என்னை மாமு என்றுதான் கூப்பிடுவார். "நா தொலைச்சுடுவேன் மாமு, உங்கையிலயே இருக்கட்டும்" என்று தன் டோக்கனை என் டிராயரில் போட்டுவைத்திருந்தார்.

அதன் பிறகு மழை பிடித்தது. பொன்னுரங்கம் என்ற ஃபிட்டருக்கு வின்ச்சில் கை போனதற்கு யூனியன் போட்ட கேஸ் லேபர் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்கு முன்னால் மானேஜர் அந்த விபத்து ஃபைலைக் கேட்க, நான் போய்ப் பார்த்ததில் ஃபைல் இல்லை, ஆணியில் கருணாகரன் டோக்கன் தொங்கியது. மானேஜர் கருணாகரனைக் கேட்டதற்கு, "நா எடுக்கவேயில்ல சார்" என்றார். யூனியனுக்குக் கொடுக்கத்தான் திருடியிருக்கிறான் என்று மானேஜர் சொன்னார்.

அதன் பிறகு மானேஜர் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார். இத்தனை வருஷ சர்வீசில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. காபி வந்தது. "நீ பார்த்தியா இன்னாசி?" என்றார். கருணாகரன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஃபைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று சொன்னேன். திருடுகிறவன் எதற்குத் தன் டோக்கனை மாட்டிவிட்டுப் போகிறான் என்று இங்கே ஸ்டேஷனில் இதை எழுதிக்கொண்டிருக்கும் ரைட்டர் ஐயா கேட்டார். பழக்கதோஷம் என்று சொன்னேன்.

அதன் பிறகு போலீஸார் வந்து கருணாகரனை சீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். அவர் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டு எழுந்தார். சாயங்காலம் அவர் சம்சாரம் நீலா கம்பெனி கேட்டில் நின்றிருந்தது. நான் வேறு வழியாகப் போகலாமென்று திரும்புவதற்குள் பார்த்துவிட்டது.

"இன்னா மாமு, உன் கண்ணால பாத்தியாமே?"

ஆமாம் என்றேன்.

"நீ கதை அளப்பேன்னு ஊருக்கே தெரியும். பொய் சொல்லி நா பாத்ததில்ல. இது எது மாமு?"

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறாமல் ராயபுரம் வரைக்கும் மழையில் நடந்தே போனேன். அன்று சாப்பிடவில்லை, பசியில்லை.

அதன் பிறகு இன்று என்னை இந்த ஸ்டேஷனுக்கு வரவழைத்து, நாளைக்குக் கருணாகரனைக் கோர்ட்டில் ஆஜர் செய்யப்போகிறோம், உன் சாட்சி ஒன்று போதும், ஜெயிலுக்குப் போய்விடுவான் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். மேற்படி கருணாகரன் லாக்கப்பில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணாடி ரைட்டர் ஐயா மேஜையில் இருந்தது. என் பக்கம் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. நான் மூச்சுக்கூட விடாமல்தான் நின்றேன். ஆனால் மழையில் நனைந்த இருமல் வந்துவிட்டது.

"மாமுவா? இருமல்லியே தெரிஞ்சிடுச்சு. எனக்காவ வந்துகீறியா? நீலாவாண்ட சொல்லு மாமு, பயப்பட வேணாம், மாமு வந்து பேசிகினு கீறாருன்னு சொல்லு" என்றார்.

அதன் பிறகு நான் தண்ணீர் கேட்டேன். ரைட்டர் ஐயா கொடுத்தார், குடித்தேன். அதன் பிறகு கீழ்க்கண்டதையும் எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

மழை ஒழுகி அந்த விபத்து ஃபைல் நனைந்துபோனதால், பழைய வழக்கப்படி நான்தான் அதை எடுத்துப்போய் பாய்லர் ரூம் பலகையில் காயப்போட்டேன். திரும்பி வந்ததும் கிருஷ்ணப்பன் டார்ச்சோடு உள்ளே நுழைந்தார். முதல் வரிசையில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார். விபத்து ஃபைலின் இடம் மூன்றாவது வரிசையில் காலியாக இருந்தது. எனக்கு டோக்கன் கிடையாது. டிராயரைத் திறந்தால் கருணாகரன் டோக்கன் இருந்தது, மாட்டிவிட்டேன். சாயங்காலம் ஃபைலைக் கொண்டுவந்து வைத்துவிடலாமென்று போனால், பாய்லர் ரிப்பேருக்காக ரூமைப் பூட்டிவிட்டார்கள். சாவியைக் கேட்டால் எதற்கு என்பார்கள். இப்போதும் பூட்டித்தான் இருக்கிறது. ஃபைல் பலகை மேல் இருக்கும், காய்ந்திருக்கும்.

மேலே எழுதியிருப்பதை ரைட்டர் ஐயா முழுவதும் படித்துக்காட்டினார். சட்டைக்குள் செருகினதாகச் சொன்ன வரியை அடித்துவிடச் சொன்னேன், எழுதினதை அடிக்க முடியாது என்றார். அதனால் இதையும் சேர்க்கச் சொன்னேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி, பாம்பும் நிஜம். கருணாகரன் ஃபைலை எடுத்ததை நான் பார்க்கவில்லை. அவர் கண்ணாடியை அவரிடம் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) க. இன்னாசி